கூட்டம் இல்லாத ஊருக்குப் போக, முதலில் காலண்டரை எடுங்கள்

டிசம்பரில் மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ மாதக் காலண்டர் கொடுப்பார்கள் இல்லையா, அதை ஆணியில் மாட்டுவதற்கு முன் தரையில் விரித்து, ஒரு சிவப்புப் பேனாவோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். நாம் எல்லாரும் முதலில் ஊரை முடிவு செய்துவிட்டு அப்புறம் லீவு நாளை அதில் பொருத்துகிறோம். சென்னையில் எல்லாருக்கும் லீவு ஒரே நாளில்தான் வருகிறது, அதனால்தான் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் எல்லாரும் ஒன்றாக நிற்கிறோம்.

இது எனக்குச் செஞ்சியில் உறைத்தது. கோட்டை பார்க்கலாம் என்று கிளம்பி, காலை 8 மணிக்குத் திண்டிவனத்தில் இறங்கி, செஞ்சி வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நின்றேன். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்குப் போகிறவர்களால் வருகிற பஸ் எல்லாம் நிரம்பியிருக்க, மூன்றை விட்டு நான்காவதில் படியில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, கோட்டையின் ராஜகிரிக் குன்றில் பாதிகூட ஏற முடியவில்லை. அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை மறுபடி போனேன். சுமார் 800 அடி உயரம், கல் படிகள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டி மேலே போய் நின்றால் எதிரே கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரி, சுற்றிலும் காற்றுச் சத்தம், என்னோடு சேர்த்து ஐந்தாறு பேர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை அது! ஊர் ஒன்றுதான், நாள்தான் வேறு.

படி 1: நாட்களை அடியுங்கள்

பொங்கல், தீபாவளி, கால் பரீட்சை, அரைப் பரீட்சை லீவு, ஏப்ரல், மே, சனி ஞாயிறோடு ஒட்டி வரும் அரசு விடுமுறை, எல்லாவற்றையும் அடியுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் விடுவது முகூர்த்த நாட்களை. காலண்டரிலேயே போட்டிருக்கும், அந்த நாட்களில் கும்பகோணம் மாதிரி ஊர்களில் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம், ரயிலும் நிரம்பிவிடும். கார்த்திகை ஒன்றிலிருந்து மகரஜோதி வரை குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். மாறாக, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கல்யாணக் கூட்டம் வருகிற ஊர்களில் அறைகள் காலியாக இருக்கும். என்னைக் கேட்டால், பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை வருகிற வார நாட்கள்தான் ஆகச் சிறந்தவை: மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பரீட்சை நெருங்குவதால் குடும்பங்கள் கிளம்ப மாட்டார்கள்.

படி 2: மழையைப் பாருங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர ஊர் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையோரம் மழை. அவ்வளவுதான்.

படி 3: பெரிய ஊருக்குப் பக்கத்து ஊரைத் தேடுங்கள்

பிரபலமான ஊரில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வேலைதான் பிடிக்கும் என்றால் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கின்றன, இரண்டும் 2004-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களாகிவிட்டவை. கங்கைகொண்ட சோழபுரத்தில் சாயங்காலப் புல்தரையில் உட்கார்ந்து விமானத்தைப் பார்க்க யாரும் இடித்துத் தள்ள மாட்டார்கள். புதுச்சேரியின் பழைய தெருக்களும் கடலும் பிடிக்குமா, தரங்கம்பாடிக்குப் போங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது, 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புத்தகம் அச்சடித்த ஊர் அது. ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) வேண்டும். குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போகலாம், ஆனால் ஆடிப் பதினெட்டில் அங்கே வல்வில் ஓரி விழா, அன்று வேண்டாம். ஓவியம் பிடித்தவர்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல்.

படி 4: போன் போடுங்கள்

கூகுள் மேப்பில் பழைய அழகான படங்களை விட்டுவிட்டுக் கடைசி மூன்று மாதக் கருத்துகளை மட்டும் படியுங்கள். எந்த மணிக்குக் கூட்டம் என்று காட்டும் பட்டை இருந்தால் அதையும் பாருங்கள். ஆனால் நான் நம்புவது லாட்ஜ்காரரைத்தான். "அண்ணே, அந்தத் தேதியில ஊர்ல திருவிழா, கல்யாணம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் போதும், உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். தரங்கம்பாடிக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பக்கத்திலேயே திருக்கடையூர், அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற குடும்பங்கள் சுற்றுவட்டார அறைகளை எடுத்துக்கொள்வார்கள்.

படி 5: டிக்கெட் நாளையும் குறியுங்கள்

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அதனால் பயணத் தேதியிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, அந்தக் கட்டத்தில் "காலை 8 மணி" என்று எழுதி வையுங்கள், முன்பதிவு திறக்கிற நேரம் அது. எழுதியாகிவிட்டதா? சரி, இப்போது காலண்டரை மாட்டலாம்.