ஜாம் ஆன பைக் இன்ஜின்: சரிசெய்வதா, மாற்றுவதா? தொடக்கநிலையாளருக்கான செய்முறை

என் சித்தப்பாவின் 2013 மாடல் ஸ்பிளெண்டர், திண்டிவனத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது பின்சக்கரத்தை ஒரு கணம் இழுத்துப் பிடித்தது. அவர் பதறிக் கிளட்சைப் பிடித்ததால் வண்டி உருண்டு ஓரமாக வந்து நின்றது. அதன்பின் கிக்கர் இறங்கவே இல்லை. சாலையோரப் பட்டறையில், “இன்ஜின் போச்சு சார், வேற இன்ஜின் போட்டுக்கலாம்” என்றார்கள். ஊருக்குள் இருந்த இன்னொரு பட்டறையில், “ரீபோர் போட்டா போதும்” என்றார்கள்; தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் (சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை) போடுவதுதான் ரீபோர். இரண்டு பேரும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமலேயே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

100 முதல் 125 சி.சி. வரையிலான, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளை மனத்தில் வைத்து, இந்த முடிவை எப்படி எடுப்பது என்பதை வரிசையாக விளக்குகிறேன். கழற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டியதில்லை; ஆனால் கழற்றும்போது பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: ஆயிலைத் தட்டில் இறக்குங்கள்

சூட்டில் இறுகிய பிஸ்டன், இன்ஜின் ஆறியதும் பல நேரங்களில் தானாகவே விட்டுக்கொடுக்கும். கிக்கர் இறங்குகிறதே என்று உடனே ஸ்டார்ட் செய்வதும், கியரில் போட்டுத் தள்ளுவதும், சிலிண்டர் சுவரில் விழுந்த சிறிய கீறலைப் பள்ளமாக்கிவிடும். எனவே முதலில் ஆயிலை இறக்குங்கள். அதற்கு அகலமான எவர்சில்வர் தட்டு ஒன்றும் சிறிய காந்தம் ஒன்றும் போதும்.

ஸ்பிளெண்டர் வகை இன்ஜினில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் இருக்க வேண்டும். எங்கள் தட்டில் விழுந்தது ஒரு டீ கிளாஸ் அளவுகூட இல்லை; ஜாம் ஆனதன் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பின்னர் தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், ஆயிலுக்குள் மினுமினுப்பு தெரிகிறதா என்பது புலப்படும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளித்தூள் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து உரிந்த அலுமினியம். அது மேல்பகுதியின் (சிலிண்டரும் பிஸ்டனும் உள்ள பகுதி) சேதத்தைக் காட்டுகிறது. காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துணுக்குகள் கியர் அல்லது கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம் என்பதால், செலவு கிராங்கும் கியரும் உள்ள கீழ்ப்பகுதிக்கும் இறங்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மூழ்கிய வண்டிகளில் பார்த்த அதே நிறம்தான் இது. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், அந்த நிலையில் செல்ஃப் போட்டுக் கிளப்ப முயன்றால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஆயிலை மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, ஃபுல் இன்ஜின் வேலையாகிவிடும்.

படி 2: ஓடுகிற இன்ஜினாக இருந்தால், புகையையும் சத்தத்தையும் கவனியுங்கள்

ஜாம் ஆகாமல், ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை என்ற அளவில் மட்டுமே பழுது இருந்தால், திறப்பதற்கு முன்பே சில விடைகள் கிடைக்கும். காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப்புகை விட்டு அடங்கினால் வால்வ் வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை முறுக்கும் நேரமெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் ரிங்கையும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போரையும் (சிலிண்டரின் உள்துளை) சந்தேகிக்க வேண்டும். கரும்புகை பெட்ரோல் கலவையின் கோளாறு. அதற்காக இன்ஜினைத் திறக்கக் கூடாது.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கருவி) உள்ள பட்டறையில் ஒருமுறை அளந்துவிட்டு, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு கணிசமாக ஏறினால் கசிவு ரிங் வழியாகவும், ஏறாமல் நின்றால் வால்வ் வழியாகவும் நடக்கிறது என்று கொள்ளலாம்.

படி 3: ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றிப் பாருங்கள்

ஹெட்டில் (சிலிண்டரின் மேல், வால்வுகள் உள்ள மூடி) பார்க்க வேண்டியவை குறைவு: வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் மேடுகளிலும் ராக்கர் ஆர்ம் உரசும் முகத்திலும் குழிகள் உள்ளனவா, வால்வ் அதன் கைடில் ஆடுகிறதா, பிளக் மரை கெட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிளாக்கில் (சிலிண்டர் உள்ள பகுதி) சற்று நிதானம் தேவை. சிலிண்டர் சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, சுட்டுவிரல் நகத்தை மேலிருந்து கீழாக அல்லாமல் குறுக்காக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற எல்லாக் கோடும் கீறல் அல்ல. பிஸ்டனின் அலுமினியம் இரும்பு ஸ்லீவின் (சிலிண்டரின் உட்குழல்) மீது ஈயம் பூசியதுபோல் அப்பியிருந்தாலும் கோடாகவே தெரியும். நகம் சிக்கி நின்றால் அது பள்ளம், ரீபோர் தவிர்க்க முடியாதது. நகம் வழுக்கிக்கொண்டு போனால், ஹோனிங் (சுவரை லேசாக உரசிச் சீராக்குவது) செய்து புதிய ரிங் போட்டாலே போதுமா என்பதை அளந்து பார்த்த பிறகு சொல்லலாம். எங்கள் பிளாக்கில் சைலன்சர் பக்கமாக நகம் இரண்டு இடங்களில் சிக்கியது.

அடுத்து, பிஸ்டனின் தலையில் உள்ள கரியைச் சுரண்டிவிட்டு, அங்கே எண் ஏதேனும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 97.2 சி.சி. ஸ்பிளெண்டரின் போர் 50 மி.மீ. தேய்ந்த பிளாக்கை 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். எண் எதுவும் இல்லையென்றால் உங்கள் பிளாக்குக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் உண்டு. 1.00 என்று இருந்தால், ரீபோர் என்ற பேச்சுக்கே இடமில்லை. புதிய ஸ்லீவ் அல்லது புதிய பிளாக் கிட் வாங்க வேண்டும்.

ரீபோர் செய்வதாக முடிவானால், பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்து லேத்துக்கு (கடைசல் பட்டறை) கொண்டுபோங்கள். லேத்காரர் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பப் போரைக் கடைய வேண்டும். பிளாக்கை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டுப் பிஸ்டனைப் பிறகு தேடுகிற பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

படி 4: முடிவு கிடப்பது கீழ்ப்பகுதியில்

பிளாக் கழன்றதும் பெரும்பாலானோர் விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் மேல்பகுதியில் எவ்வளவு பெரிய சேதம் இருந்தாலும் அதற்கான உதிரிபாகம் கடையில் தொங்குகிறது; இன்ஜினை வைத்திருப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பவை கிராங்கும் அதைத் தாங்கும் கூடான கிராங்க் கேஸும்தான். ஆகவே அங்கேயே நின்று இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

பிஸ்டன் கழன்ற கனெக்டிங் ராடை, அது மேலே உயர்ந்து நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு கையால் கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் ராடை நேர்மேலாகவும் நேர்கீழாகவும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. அதைக் கண்டு பயப்படக் கூடாது, அதைக் காட்டிப் பயமுறுத்துபவரையும் நம்பக் கூடாது. மேலும் கீழும் ‘டொக்’ என்று தட்டினால், அது எவ்வளவு சிறிய தட்டலாக இருந்தாலும், ராடின் பெரிய முனையிலுள்ள பேரிங் போய்விட்டது. அந்தத் தட்டலோடு புதிய பிஸ்டனைப் பூட்டினால் கொஞ்ச காலத்திலேயே மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

சித்தப்பாவின் வண்டியில் ராடு தட்டியது. அதாவது ரீபோர் போதும் என்றவர் சொன்னதும் தவறு. இவ்வகை இன்ஜின்களில் கிராங்க் அழுத்திப் பொருத்தப்பட்டது என்பதால், அதைப் பிரஸ்ஸில் பிரித்து, புதிய ராடு கிட் ஏற்றி, கிராங்கின் இரண்டு முனைகளும் ஒரே நேர்கோட்டில் ஓடுகின்றனவா என்று டயல் கேஜில் பார்த்துச் சரிசெய்யும் லேத்தில்தான் கொடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டிச் சேர்க்கிற இடத்தில் கொடுத்தால் கைப்பிடி நடுங்கும் வண்டிதான் திரும்பி வரும்.

கேஸ் பிரிந்ததும், பேரிங் உட்காரும் குழிகளைப் பாருங்கள். பேரிங் குழிக்குள் பிடிப்பில்லாமல் ஆடினால் குழி தளர்ந்துவிட்டது. ராடு முறிந்து கேஸை உடைத்திருந்தாலோ, பேரிங் குழியின் வழியே விரிசல் ஓடினாலோ, ஆர்கான் வெல்டிங் வைத்துப் பார்க்கலாம் என்ற ஆலோசனையை ஏற்காதீர்கள். வெளிப்புறக் காதுப்பகுதி (போல்ட் போட்டுப் பிணைக்கும் இடம்) உடைந்ததற்கு வெல்டிங் சரி. பேரிங் குழிக்குச் சரியல்ல. இன்ஜினை மாற்றலாம் என்ற பேச்சு நியாயமாவது இங்கேதான்.

படி 5: சரியான தொகையோடு ஒப்பிடுங்கள்

செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு காகிதத்தில் இரண்டு தொகைகளை எழுதுங்கள்: ஓடும் நிலையில் உங்கள் வண்டி என்ன விலைக்குப் போகும், இப்போதுள்ள நிலையிலேயே தள்ளிவிட்டால் என்ன கிடைக்கும். உதாரணத்துக்கு முதலாவது 25,000 ரூபாய், இரண்டாவது 9,000 ரூபாய் என்றால், வித்தியாசம் 16,000. பழுதுபார்க்கும் செலவை இந்த வித்தியாசத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 13,000 ரூபாய் வேலை, வண்டி விலையில் பாதிக்குமேல் என்றாலும், இந்தக் கணக்கில் நட்டமில்லை. 20,000 என்றால், அந்த வண்டியை நீங்கள் இன்னும் பல ஆண்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டுமே பொருள் உண்டு.

இந்த இடத்தில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2013-இல் பதிவான வண்டிக்கு 2028-இல் அந்தச் செலவும் வரும்.

படி 6: பழைய இன்ஜின் வாங்குவதென்றால்

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பிரித்த வண்டிகளின் இன்ஜின்கள் கிடைக்கின்றன. அவற்றின் உள்நிலை வாங்கும்போது தெரியாது என்பதால், படி 4-இல் சொன்ன சோதனையை அந்த இன்ஜினுக்கும் செய்யும் செலவைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அதைவிட முக்கியம், கிராங்க் கேஸில் பொறித்த இன்ஜின் எண். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இன்ஜினைப் பூட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்று, புதிய எண்ணை ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். ரசீதும் அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் தராத கடையில் வாங்காதீர்கள். எண் உள்ள இடம் அரம் போட்டு ராவியதுபோல் வழவழப்பாக இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 7: பூட்டுவதற்கு முன்

சித்தப்பாவின் வண்டியில் கேஸ் நன்றாக இருந்ததால், ராடு கிட்டும் 0.25 ரீபோரும் என்று முடிவெடுத்தோம். பூட்டும் நாளில் நான் வலியுறுத்திய ஒரே விஷயம், ஆயில் வழிகளைச் சுத்தம் செய்வது. கீழே உள்ள ஆயில் சல்லடையையும், கிராங்கின் வலது முனையில் சுழலும் வடிகட்டியையும் திறந்தபோது, அதற்குள் கருஞ்சாந்துபோல் உலோகத்தூள் படிந்திருந்தது; மெக்கானிக் அதை ஸ்க்ரூ டிரைவரால் வழித்தெடுத்தார். அதை விட்டுவைத்திருந்தால் அத்தனையும் புதிய பேரிங்குக்கே போயிருக்கும்.

ஓட ஆரம்பித்ததும் முதல் 500 கிலோமீட்டர் வரை மிதமான வேகத்தில், ஒரே சீராக முறுக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்லி, அந்த ஆயிலை மறுபடி அதே தட்டில் இறக்கிப் பார்த்தோம். காந்தத்தில் மாவுபோல் லேசாக ஒட்டியது. துணுக்கு எதுவும் இல்லை.