ஆரஞ்சு, எலுமிச்சை லோடு கெடாமல் போய்ச் சேர எங்கிருந்து கவனிக்க வேண்டும்

லோடு இறங்கிய இடத்தில் பெட்டியைத் திறந்தால் பச்சைப் பூசணம் பூத்திருக்கும், உடனே எல்லோரும் லாரிக்காரரைத்தான் திட்டுவார்கள். நீங்கள் முதலில் பறித்த நாளைப் பாருங்கள். பெனிசிலியம் டிஜிடேட்டம் என்கிற அந்தப் பூசணத்தால் நல்ல தோலைத் துளைக்க முடியாது, கீறலோ குத்தலோ இருந்தால்தான் உள்ளே போகும். கீறல் பெரும்பாலும் தோட்டத்திலேயே விழுந்துவிடுகிறது, வழியில் அது வளர்கிறது, அவ்வளவுதான்.

அதனால் கையில் இருக்கிற பணத்தையும் கவனத்தையும் முதலில் பறிப்பில் போடுங்கள். பழத்தை இழுத்துப் பிய்த்தால் காம்போடு தோலும் கிழிந்து வரும், கத்தரியால்தான் வெட்ட வேண்டும், அதுவும் ஒட்ட வெட்ட வேண்டும், ஏனென்றால் நீட்டிக்கொண்டிருக்கிற காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தும். பறிப்பவர்களுக்குக் கையுறை கொடுங்கள், பையிலும் கிரேட்டிலும் மணல் இல்லாமல் பாருங்கள். காலைப் பனி காய்வதற்குள் பறிக்காதீர்கள், மழை விட்டதும் இறங்காதீர்கள்: அப்போது தோல் விறைப்பாக இருக்கும், லேசாக அழுத்தினாலும் எண்ணெய்ப் பைகள் உடைந்து அந்த எண்ணெயே தோலைச் சுட்டுவிடும், அந்தத் தழும்பு அப்புறம்தான் தெளிவாகத் தெரியும். எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் யாராக இருந்தாலும் அவசரமாகத்தான் பறிப்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. சேதமில்லாத கூடைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று, ஆரஞ்சும் எலுமிச்சையும் வாழை, மா மாதிரி பறித்தபின் பழுக்கிற சாதி கிடையாது. பழுக்க வைக்கிற எத்திலீன் வாயுவை வைத்தால் தோல் நிறம் மாறும், உள்ளே இனிப்பு ஏறாது. விலை நன்றாக இருக்கிறதே என்று முன்கூட்டிப் பறித்து நிறமேற்றினால், வாங்கியவர் ஒரு தடவை ஏமாந்துவிட்டு அடுத்த தடவை வேறு ஆளிடம் போய்விடுவார். நிறமேற்றும் அறையில் அதிக நேரம் வைத்தால் காம்புப் பக்க அழுகலும் கூடும்.

கழுவும் தொட்டிக்குள் போகுமுன்பே அழுகினதைப் பொறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதன் வித்துகள் தண்ணீர் முழுக்கப் பரவும். ஒரே பூசணக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிவிடும்.

குளிர் விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எலுமிச்சையையும் கிரேப்ஃப்ரூட்டையும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள் கணக்கில் வைத்தால் தோலில் குழி விழும், ஆரஞ்சோ 3 முதல் 8 டிகிரி வரை தாங்கும். இரண்டையும் ஒரே கன்டெய்னரில் ஏற்றினால் ஏதாவது ஒன்றுக்குக் கேடு. ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். வெப்பநிலைப் பதிவுக் கருவியைக் கதவோரம் மட்டும் வைக்காமல் சரக்கின் நடுவிலும் ஒன்று வையுங்கள்.

சரி, உங்கள் கையை மீறிய ஆபத்தும் உண்டு. சைலிட் என்கிற சாறுறிஞ்சும் சின்னப் பூச்சி பரப்பும் கிரீனிங் என்கிற மர நோய் 2005இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது, 2023-24இல் 2 கோடியைக்கூடத் தொடவில்லை, புயல்களும் சேர்ந்து அடித்தன. நோய் வந்த மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை. அதனால் சான்று பெற்ற நாற்றை மட்டும் நடுங்கள், கொள்முதல் செய்பவராக இருந்தால் ஒரே பகுதியை நம்பாமல் இரண்டு மூன்று பகுதிகளில் வாங்குங்கள். ஏற்றுமதி என்றால் பறிப்பதற்கு முன்பே, மருந்து அடிப்பதற்கும் முன்பே, அந்த நாட்டின் எச்ச வரம்பையும் (பழத்தில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கலாம் என்ற அளவு) பூச்சி விதிகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு பழத்தில் ஒரு புழு இருந்தாலும் முழு கன்டெய்னரும் சிக்கலாம்.

ஒவ்வொரு கிரேட்டிலும் தோட்டப் பகுதி, பறித்த தேதி, பறித்த குழு மூன்றையும் எழுதுங்கள். புகார் வந்தால் படம் கேளுங்கள். அங்கங்கே பச்சைப் பூசணம் என்றால் பறித்த குழுவிடம் பேசுங்கள், காம்புப் பக்கம் பழுப்பு என்றால் நிறமேற்றிய அறையைப் பாருங்கள், பெட்டி முழுக்கத் தோலில் குழி என்றால் அப்போது லாரிக்காரரிடம் வெப்பநிலைப் பதிவைக் கேளுங்கள்.