டயரில் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள்

பைக்கைக் கழுவும்போது டேங்கைப் பளபளவென்று துடைப்போம், செயினுக்கு எண்ணெய் விடுவோம், டயரை மட்டும் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு "காத்து இருக்கு" என்று கிளம்பிவிடுவோம். அந்த உதையில் ஒன்றும் தெரியாது. காற்றழுத்தம் பத்து பி.எஸ்.ஐ. (காற்றை அளக்கும் அலகு) குறைவாக இருந்தாலும் செருப்புக் காலுக்குக் கல்லு மாதிரிதான் இருக்கும். அதைத் தாண்டிப் பார்க்கிறவர்களும் பட்டன் இருக்கிறதா, மொழுக்கையாகிவிட்டதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைவிட எங்கே, எந்த வடிவத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் வண்டியில் என்ன கோளாறு என்பது தெரியும்.

பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பகல் வெளிச்சத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஆரம்பித்த இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் முழுச் சுற்றும் பார்த்தோமா என்ற சந்தேகம் வராது. முன்சக்கரம் தரையில் நின்றால் ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியை அரையடி அரையடியாக உருட்டிப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் சக்கரத்தைச் சுற்றவிடும் வேலை மட்டும் வேண்டாம், செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் விரல் போனவர்கள் நிறையப் பேர்.

முதலில் தேய்மான அளவு. டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. (தேய்மானக் குறி) என்ற எழுத்துகளோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டனின் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும். சுற்றியிருக்கும் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, பேச்சே இல்லை. அந்த மேட்டின் உயரம் டயருக்கு டயர் மாறும், பெரும்பாலும் 0.8 முதல் 1.6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று கையில் இருந்தால் நல்லது, ஆனால் அந்த மேட்டின் மேல் வைத்து அளந்துவிடாதீர்கள், நாலைந்து இடத்தில் அளந்து மிகக் குறைவாக வருவதைக் கணக்கில் எடுங்கள். என்னைக் கேட்டால் 2 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றிவிடுவேன். மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான், தவிர ரப்பர் மெலிய மெலிய சின்ன ஆணிகூட உள்ளே போய்விடும்.

"ஓரத்தில் பட்டன் அப்படியே புதுசா இருக்கே" என்பார்கள். இருக்கும், ஏனென்றால் அந்த ஓரம் தரையையே தொடவில்லை. கார் டயர் தட்டையானது, பைக் டயர் உருண்டையானது, வண்டி சாய்ந்து திரும்ப வேண்டும் என்பதற்காகவே அந்த வடிவம். நேர்ச்சாலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை டயர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைவாக இருந்தால் சரி, கிண்ணத்தின் தலையைச் சீவிவிட்ட மாதிரி இருந்தால் டயர் சதுரமாகிவிட்டது என்று அர்த்தம். தட்டை முடிந்து வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் விரலை ஓட்டினால் ஒரு விளிம்பே தட்டுப்படும். திருப்பத்தில் வண்டி முதலில் சாய மறுக்கும், அப்புறம் அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுகிற மாதிரி சாயும். இது புரியாமல் நான் ஒரு தடவை ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்கான கோன்செட்டையே மாற்றினேன். வண்டி அப்படியேதான் திணறியது. இரண்டு மாதம் கழித்துப் பின் டயரை மாற்றிய அன்று எல்லாம் சரியாகிவிட்டது. பள்ளம் இன்னும் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும், வண்டி இப்படி நடந்துகொள்கிறது என்றால் மாற்றுவதுதான் நல்லது.

முன் டயர் வேறு ஜாதி. அங்கே பிரேக்கும் திருப்பமும்தான் ரப்பரைத் தின்னும், அதனால் நடுவைவிட இரண்டு பக்கத் தோள்களில் தேய்மானம் அதிகமாக இருக்கலாம். கண்ணாடிச் சில்லு, கம்பி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளங்கையை டயர் மேல் வைத்து ஒரு திசையில் தடவுங்கள், அப்புறம் எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் ரம்பப் பல் மாதிரியும் லேசாகப் பட்டால் அது சாதாரணம்தான். ஆனால் பட்டன் கட்டைகள் மேடு பள்ளமாக, அலை அலையாக இருந்தால், வண்டி வேகம் குறையும்போது "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்டால், தேய்த்தது ரோடு மட்டும் இல்லை. காற்று குறைவு, சக்கரம் பேலன்ஸ் இல்லாதது, பேரிங் ஆட்டம், ஷாக் அப்சார்பர் செத்துப்போனது, இதில் ஏதோ ஒன்று.

என் வண்டியில் அப்படி அலை அலையாகத் தட்டுப்பட்டபோது முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஒரு அமுக்கு அமுக்கினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும். அது ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடியது. குனிந்து பார்த்தால் வலது பக்க ஃபோர்க் குழாயில், ரப்பர் மூடிக்கு மேலே, தூசி ஒட்டிய கரு நிறத்தில் ஓர் எண்ணெய் வளையம். சீல் போயிருக்கிறது, எண்ணெய் இறங்கியிருக்கிறது, சக்கரம் தரையில் ஒழுங்காக நிற்காமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. டயரை மட்டும் மாற்றியிருந்தால் புது டயருக்கும் அதே கதிதான். இன்னொன்று, அந்த எண்ணெய் பிரேக் டிஸ்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது, அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், ரோட்டின் சரிவால் கொஞ்சம் அப்படி ஆவது இயல்பு. வித்தியாசம் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தால் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் செயின் அட்ஜஸ்டர் கோடுகளை எண்ணுங்கள். செயினை இறுக்கும்போது ஒரு பக்கம் மூன்றாவது கோடு, மறுபக்கம் நாலாவது கோடு என்று விட்டிருப்பார்கள். சக்கரம் கோணலாக நிற்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டை என்றால் பின் பிரேக்கை மிதித்து இழுத்துக்கொண்டு போன அடையாளம். எங்கேயாவது ரப்பருக்கு அடியில் நூலோ கம்பியோ தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காற்று விஷயத்தில் ஒரு தப்பு பரவலாக நடக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு அல்ல. வைக்க வேண்டிய அளவு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ செயின் கார்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், இல்லையென்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும், ஓடி வந்த சூட்டில் அளந்தால் சில பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிட்டால் ஆறிய பிறகு குறைந்துபோயிருக்கும். காற்று அதிகமானால் நடு சீக்கிரம் தேயும். குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும், உள்ளே இருக்கும் நூலடுக்கு தளரும். இரண்டில் ஆபத்து பின்னதுதான்.

அடுத்து ஆணி. பார்த்ததும் பிடுங்காதீர்கள், ட்யூப்லெஸ் டயரில் அந்த ஆணியேதான் அடைப்பாக இருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும், வால்வு வாயிலும் ஒரு சொட்டு விடுங்கள், பல நேரம் கசிவு அங்கேதான். ஓட்டை தரையைத் தொடும் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பஞ்சர் போடலாம். பக்கச்சுவரில் என்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கூடாது, "அண்ணே, ஒட்டிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளியிலிருந்து திரி செருகுவது வீடு போய்ச் சேர்வதற்கு, டயரைக் கழற்றி உள்ளேயிருந்து ஒட்டுவதுதான் நிரந்தரம். காற்றே இல்லாமல் கொஞ்சத் தூரம் ஓட்டியிருந்தால் கழற்றும்போது உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் தூளாக ரப்பர் உதிர்ந்து கிடந்தால் பக்கச்சுவர் உள்ளுக்குள் அரைபட்டுவிட்டது, வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் அந்த டயர் வேண்டாம்.

பள்ளத்தில் தடாலென்று விழுந்து எழுந்த பிறகு பக்கச்சுவரில் கோலிக்குண்டு மாதிரி புடைப்பு தெரிந்தால் உள்ளே நூலடுக்கு அறுந்துவிட்டது, காற்று வெறும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதற்கு வைத்தியமே இல்லை.

குறைவாக ஓடும் வண்டிகளில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1421 என்றால் 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தைய டயர், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றுங்கள். கட்டைவிரலால் அமுக்கும்போது பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். லேசான பழுப்புப் பூச்சு தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் பொருள்தான் மேலே வருகிறது. அதைப் பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள். டயர் பாலிஷை, தரையைத் தொடும் பகுதியில் தடவவே கூடாது.

புது டயர் மாட்டும்போது வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் திருப்பத்தில் அதிகம் சாயாமல் ஓட்டுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் டயரில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், திருப்பி மாட்டி அனுப்புவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.