முதல் வாடகை வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகைக்கு விடுவதற்கென்றே முதல் வீட்டை வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் தம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மாத வாடகையை 12-ஆல் பெருக்கி, வங்கித் தவணையைக் கழித்து, மிஞ்சிய தொகைக்கு நேரே ‘ஆண்டு லாபம்’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட கணக்கும் அதுவேதான். பத்திரத்தைச் சரிபாருங்கள், இடத்தை நேரில் பாருங்கள் என்பனவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வந்த வாடகை முழுவதையும் செலவழித்துவிடுவது

புதிதாக வாங்கிய வீடு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குழாய், ஒரு சுவிட்ச் என்ற அளவில்தான் செலவு வைக்கும். அந்த அமைதியைத்தான் நாம் லாபம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மொட்டைமாடியின் நீர்த்தடுப்புப் பூச்சும், வெளிச்சுவரின் வண்ணமும், தண்ணீர் மோட்டாரும் நாள்தோறும் தேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்கான செலவு மட்டும் மொத்தமாக ஒரு நாளில் வந்து நிற்கிறது.

எனக்கு அந்த நாள் நான்காம் ஆண்டின் மழைக்காலத்தில் வந்தது. “படுக்கையறைக் கூரையில கொஞ்சம் ஈரம் தெரியுதுங்க, நேரம் கிடைக்கும்போது வந்து பாருங்க” என்று குடியிருந்தவர் தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தபோது, மின்விசிறிக் கொக்கியிலிருந்து ஒரு முழம் தள்ளி, உள்ளங்கை அகலத்தில் பழுப்பு நிறக் கறை ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் பூத்திருந்த வெள்ளை உப்பு, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. மாடி முழுவதும் நீர்த்தடுப்பு வேலை செய்ய வேண்டும் என்று மேஸ்திரி சொன்ன தொகை என்னிடம் இல்லை, ஏனென்றால் மூன்று ஆண்டு வாடகையும் வீட்டுச் செலவோடு கலந்து கரைந்துபோயிருந்தது. உள்பக்கம் மட்டும் பட்டி பார்த்து வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டு, மேல்வேலையைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தக் கோடையும் போயிற்று, அடுத்த கோடையும் போயிற்று.

கூரைக்குள் நீர் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், கான்கிரீட் உள்ளிருந்தே விரிசல்விட்டுப் பெயர்கிறது. குச்சியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் கெட்டியான ஓசையும், பெயர்ந்த இடத்தில் பொள்ளலான ஓசையும் கேட்கும். மூன்றாம் மழைக்காலத்தில் என் வீட்டுக் கூரையில் அந்தப் பொள்ளல் ஓசை ஒரு கட்டிலின் அகலத்துக்குக் கேட்டது. ஓர் இரவு, ஒரு சில்லு பெயர்ந்து தலையணைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர்களுடைய குழந்தை அன்று வேறு அறையில் தூங்கியதால் தப்பியது. அந்த மாதமே அவர்கள் காலி செய்தார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும். நானோ அதையும் செலவழித்திருந்தேன். முன்பணத்தைத் திருப்பவும், கம்பியைச் சுத்தம் செய்து கூரையைப் பூசவும், மாடி வேலையைச் செய்யவும் ஒரே நேரத்தில் கடன் வாங்க வேண்டியதாயிற்று. மேஸ்திரி முதலில் சொன்ன தொகையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு செலவானது. வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. வட்டி கட்டியதைவிட, அந்தத் தலையணையை நினைத்தால்தான் எனக்கு இன்றும் என்மேல் கோபம் வருகிறது.

ஆகவே வாடகை கைக்கு வந்தவுடன், வீட்டுக்கான பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் மீதியைத் தொடுகிறேன். கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்லும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. புதுக் கட்டடத்துக்கு அது போதலாம். பழைய கட்டடத்துக்கு அதை நம்ப முடியாது. ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ஆகும் செலவை, அது தாங்கும் மாதங்களால் வகுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது: பத்து ஆண்டு தாங்கும் பூச்சுக்கு 120 பங்கு செலவாகும் என்றால், மாதம் 1 பங்கு எடுத்துவைக்க வேண்டும். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று கொண்டு, வாடகையில் 8.3 சதவீதத்தையும் கழித்துவிட வேண்டும். சொத்து வரி, காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்துக் கழித்தபோது, நண்பரின் ‘லாபம்’ கோட்டுக்குக் கீழே போயிற்று. அவர் அடுத்த வீட்டுக்கு முன்தொகை கொடுப்பதைத் தள்ளிவைத்தார்.

முன்பணத்தைத் தொடுவது

அது உங்கள் பணமே அல்ல.

கூடுதல் வாடகைக்காக வீட்டைப் பூட்டி வைப்பது

100 தருவதாகச் சொன்ன நல்ல குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, 105 தருபவருக்காக ஒரு மாதம் காத்திருந்தால், இழந்த 100-ஐ மாதம் 5 வீதம் மீட்க 20 மாதங்கள் ஆகும். அதற்குள் அவர் காலி செய்துவிட்டால், காத்திருந்தது நட்டம்தான். இதற்கு மாறாக, வெறும் வீடு கண்ணை உறுத்துகிறது என்று முதலில் வந்தவரிடம் விசாரிக்காமல் சாவியைக் கொடுப்பதும் தவறு. அவர் முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரிடம் பத்து நிமிடம் பேசுங்கள்.

தெரிந்தவர்தானே என்று எழுதாமல் விடுவது

உடன்பிறந்தவராக இருந்தாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் அவசரப்படுவது

அன்றைக்கு இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாகச் செல்ல வேண்டும். மின்மீட்டரின் எண்ணிக்கை, குளியலறை ஓடுகளின் விரிசல், கதவுகளின் தாழ்ப்பாள், கழுவுதொட்டியின் அடிப்பக்கம் ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து, எழுதிய பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். நாளடைவில் மங்கும் வண்ணமும், நடந்து தேய்ந்த தரையும் இயல்பான தேய்மானத்தில் சேரும், உடைந்த கண்ணாடி சேதத்தில் சேரும் என்று அந்தப் பட்டியலின் கீழேயே எழுதிவிட்டால், காலி செய்யும் நாளில் பட்டியலையும் படங்களையும் பார்த்தே முன்பணக் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.