விடுப்புக் கணக்கை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்: ஊழியர் தரவில் நேரும் தவறுகள்

இரண்டு ஊழியர்கள். ஆண்டில் இருவருமே 10 நாள் வேலைக்கு வரவில்லை. ஒருவர் டைபாய்டு வந்து சேர்ந்தாற்போல் 10 நாள். மற்றவர் ஒற்றைத் தலைவலியால் ஒவ்வொரு நாளாகப் 10 தடவை. விடுப்பை எடைபோடும் பிராட்ஃபோர்டு மதிப்பெண் முறையில் (எண் கூடினால் மோசம்) முதலாமவருக்குக் கிடைப்பது 10, இரண்டாமவருக்கு 1,000.

விடுப்பு எடுத்த தடவைகளை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களாலும் பெருக்குவதுதான் அந்தக் கணக்கு. முதலாமவருக்கு 1×1×10, மற்றவருக்கு 10×10×10. பிரிட்டனில் பரவலாகப் புழங்கும் முறை இது. முன்னறிவிப்பில்லாத சிறு விடுப்புகள் வேலையை அதிகம் குலைக்கும் என்பது இதன் அடிப்படை. ஆனால் மாதவிடாய் வலி, டயாலிசிஸ், பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாமே ஒருநாள் விடுப்பாகத்தான் வரும். மதிப்பெண் ஓர் அளவைத் தாண்டியதும் எச்சரிக்கைக் கடிதம் தானாகப் போகும்படி வைத்தால், உதவி தேவைப்படுகிறவர் கையில்தான் அது போய்ச் சேரும்.

முன்கூட்டியே தெரிந்த சிகிச்சை நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மதிப்பெண் உயர்ந்தால் கடிதம் வேண்டாம், கூப்பிட்டுப் பேசுங்கள். அதற்கும் முன்னால், அதே விடுப்புப் பட்டியலை ஆள்வாரியாகப் பார்ப்பதை விட்டு ஷிப்டு, கிழமை, சூப்பர்வைசர், பேருந்துத் தடம் எனப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஷிப்டில் திங்கள்கிழமை விடுப்புகள் குவிந்தால், ஞாயிறு இரவு வேலை முடிந்து மறுநாள் காலையிலேயே வரச் சொல்கிறோமா என்று பணி அட்டவணையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவர்களின் விகிதத்திலும் இதே சிக்கல். ஆண்டுத் தொடக்கத்தில் 200 பேர், முடிவில் 240, சராசரி 220. விலகியவர் 33 என்றால் 15 சதவீதம். கணக்கு சரி, ஆனால் இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்த 33 பேரில் 24 பேர் சேர்ந்த 90 நாட்களுக்குள் போயிருந்தால், கோளாறு ஆளெடுப்பிலோ ஆரம்பப் பயிற்சியிலோ இருக்கிறது. பழைய ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது. ஓய்வு பெற்றவர்கள், ஒப்பந்தம் முடிந்தவர்களைத் தனியே வையுங்கள். விலகும் காரணத்தை அவருடைய மேலாளரே கேட்டால் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்; வேறு பிரிவினர் கேட்கட்டும்.

பெயர் கேட்காத கருத்துக்கணிப்பு என்று சொல்லிவிட்டு, கழித்தல் கணக்கில் ஆளைக் காட்டிக் கொடுப்பது இன்னும் மோசம். 12 பேர் உள்ள பிரிவின் சராசரித் திருப்தி 5க்கு 4.0 என்றும், அதில் ஆண்கள் 10 பேரின் சராசரி 4.4 என்றும் அறிக்கை வருகிறது. பெண்கள் இருவர்தானே என்று அவர்களின் எண்ணை மறைத்திருக்கிறார்கள். மொத்தம் 48, ஆண்கள் 44, மீதி 4. பெண்களின் சராசரி 2.0 என்று மேலாளர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். சிறு குழுவை மறைத்தால் அதன் எதிர்க்குழுவையும் மறைக்க வேண்டும். எழுத்தில் வந்த கருத்துகளையும் அப்படியே அனுப்பக் கூடாது. நடையை வைத்தே எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும்.

எதைச் சேர்க்கவே கூடாது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு வழக்கு உண்டு. நியூரம்பெர்கில் எச் அண்ட் எம் என்ற ஆடை விற்பனை நிறுவனத்தின் சேவை மையத்தில், விடுப்பு முடிந்து திரும்பியவர்களிடம் பேசியபோது தெரிந்த நோய் விவரங்களையும் குடும்பப் பிரச்சினைகளையும் மேற்பார்வையாளர்கள் பதிந்து வைத்தார்கள். 2019 அக்டோபரில் கணினி அமைப்புப் பிழையால் அது சில மணி நேரம் நிறுவனம் முழுவதற்கும் திறந்து கிடந்தது. அடுத்த ஆண்டு ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் விதித்த அபராதம் சுமார் 3.53 கோடி யூரோ. அக்கறையாக விசாரிப்பது நல்லதுதான், கேட்டதை எழுதி வைப்பதில்தான் தவறு. ‘மருத்துவ விடுப்பு, 3 நாள்’ என்பதற்கு மேல் சூப்பர்வைசருக்கு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் அழிக்கும் தேதியைச் சேர்க்கும்போதே குறித்துவிடுங்கள். தன்னைப் பற்றிய பதிவை ஊழியர் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் வழி இருக்கட்டும். வருகைப் பதிவில் விடுபட்ட கைரேகை ஒன்று ‘ஆப்சென்ட்’ ஆகி நிற்பது அவர் கண்ணில்தான் முதலில் படும்.