பகலில் ஒண்டுக்குச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு இரவில் எந்தத் துணி நப்பி?

என் மகனுக்கு இப்போது இரண்டு வயதும் எட்டு மாதமும். மார்ச் மாதத்திலிருந்து பகலில் அவனுக்கு நப்பி (டயப்பர்) இல்லை. ஒண்டுக்கு வந்தால் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பான். நாளுக்கு ஒரு காற்சட்டை நனைந்தால் அதிகம். இரவு அப்படியில்லை. ஒன்பது மணிக்குப் படுத்தானென்றால் ஆறு மணிவரை அசையாமல் தூங்குவான், நனைந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம். மெத்தை நனைந்தால் வெயிலில் இழுத்துப்போட முற்றம் கிடையாது. அதனால் இரவு நப்பியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

ஊரிலிருந்து வந்து நின்ற அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பகலிலை சொல்லுற பிள்ளைக்கு இரவிலை மட்டும் ஏன் பிள்ளை இதைக் கட்டுறாய்? பழகினதும் மறந்துபோகும்" என்றார். மறந்துபோகாது. பகலில் பிள்ளை கற்றுக்கொள்கிறது, இரவில் உடம்பு முதிர வேண்டும். தூங்கும்போது சிறுநீரைக் குறைக்கிற வாசோபிரசின் என்ற ஹோர்மோன் போதியளவு சுரக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பினால் தூக்கம் கலையவும் வேண்டும். இரண்டையும் நாம் சொல்லிக்கொடுக்க முடியாது. ஐந்து வயதுக்கு முன் இரவில் நனைப்பதை மருத்துவர்கள் ஒரு குறையாக எடுப்பதில்லை. ஆகவே நப்பி கட்டுகிறோமே என்று மனம் குன்ற வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சமையல் தராசை எடுங்கள். இரவில் கட்டப்போகும் நப்பியைக் காய்ந்தபடி நிறுத்து எழுதி வையுங்கள். காலையில் கழற்றியவுடன் மறுபடி நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமையும் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் சிறுநீர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு இரவு போதாது, மூன்று இரவாவது நிறுக்க வேண்டும். என் மகனுக்கு முதல் இரவு 220, இரண்டாம் இரவு 190. மூன்றாம் நாள் மாலை காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடையும் செவ்விளநீரும் ஆன பிறகு 310. நப்பி வாங்க வேண்டியது அந்த 310க்குத்தான். சராசரிக்கு வாங்கினால் வாரத்தில் இரண்டு நாள் படுக்கை நனையும்.

இந்த எண்ணிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு கணக்குண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்க வேண்டும். மூன்று வயதுக்கு 120 மில்லிலீற்றர் வரும். அப்படியென்றால் 310 என்பது ஒரே தரத்தில் போனதல்ல, இரண்டு மூன்று தரம். இரண்டாம் தரம் போகும்போது துணி ஏற்கெனவே நனைந்திருக்கும், அதன்மேல் பன்னிரண்டு கிலோப் பிள்ளை புரண்டு படுத்திருப்பான். பகலில் நன்றாக நின்ற நப்பி இரவில் ஒழுகுவது இதனால்தான்.

சரி, உள்ளே வைக்கும் துணி. கடையில் நப்பியோடு சேர்த்துத் தருவது பெரும்பாலும் மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைத் துணி. அது வேகமாக உறிஞ்சும், ஆனால் அமுக்கினால் திரும்பக் கக்கிவிடும். நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, சொட்டு நிற்கும்வரை குழாயில் தொங்கவிட்டு நிறுங்கள். பிறகு சிங்கில் வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டு மறுபடி நிறுங்கள். இரண்டாவது எண்தான் இரவுக்குரியது. எங்கள் வீட்டில் ஒரு மைக்ரோஃபைபர் அடுக்கு 170 மில்லிலீற்றர் பிடித்தது, அழுத்தியபின் மிஞ்சியது 80. ஹெம்ப் என்ற சணல்போன்ற நாரும் பருத்தியும் கலந்த அடுக்கு 190 பிடித்து, அழுத்திய பிறகும் 150 வைத்திருந்தது. ஹெம்ப்பின் குறை, அது மெதுவாகத்தான் உறிஞ்சும். பிள்ளை ஒரேயடியாகப் போனால் அது குடிப்பதற்குள் பக்கத்தால் வழிந்துவிடும். ஆகவே மேலே வேகமாகக் குடிப்பது, அடியில் நிறையப் பிடிப்பது என்ற ஒழுங்கில் அடுக்க வேண்டும். மைக்ரோஃபைபரை மேலே வைப்பதானால் நேரே தோலில் படவிடாதீர்கள், தோலை உலர்த்திவிடும்.

மேலே வைக்க எனக்கு வாய்த்த மிக நல்ல துணி, அப்பாவின் பழைய நூல் வேட்டி. அம்மா எங்களுக்குக் கட்டியதும் அதைத்தான். பலமுறை துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருக்கும், கணத்தில் குடிக்கும், பிரித்து விரித்தால் மழை நாளிலும் காயும். அதை நீளவாக்கில் எட்டாக மடித்து மேலே வைத்து, அடியில் இரண்டு ஹெம்ப் அடுக்கு. அழுத்திய கணக்கில் 400 வருகிறது, 310க்கு மேல் நல்ல இடைவெளி. வேட்டி இல்லாதவர்கள் புறக்கோட்டையில் வெள்ளைப் பருத்தித் துணி யார் (கெஜம்) கணக்கில் வாங்கி, ஓரம் அடித்துக்கொள்ளலாம். மடிப்பின் தடிப்பு ஆணுக்கு முன்பக்கம், பெண்ணுக்கு நடுவில் வரட்டும். குப்புறப் படுக்கிற பிள்ளையானால் எவருக்கும் முன்பக்கம்தான்.

புதுத் துணியை ஒரு தரம் மட்டும் கழுவிவிட்டுக் கட்டாதீர்கள். வெளுக்காத பருத்தியிலும் ஹெம்ப்பிலும் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும், அது போனால்தான் தண்ணீர் குடிக்கும். ஐந்தாறு தரம் கழுவிக் காயவைத்த பிறகுதான் அதன் உண்மையான கொள்ளளவு தெரியும். நான் அவசரப்பட்டு முதல் கழுவலோடு கட்டினேன். அன்றிரவு இரண்டு மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றினேன், துணி கூடாது என்று அதை மூட்டை கட்டியும் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

அடுத்தது வெளியுறை. பி.யூ.எல் என்று சொல்லுகிற, பின்புறம் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒட்டிய துணிதான் நம் ஊருக்கு வசதி. கம்பளி உறை காற்றோட்டமானது என்பது உண்மை, ஆனால் எங்கள் ஈரப்பதனில் அது காயும்வரை காத்திருக்க முடியாது. உறையும் அடுக்கும் தனித்தனியாகக் கழலுவதாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாம் சேர்த்துத் தைத்த நப்பி கட்டுவதற்கு இலகு, ஆனால் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் இரண்டு நாளிலும் காயாது. உலோகப் பொத்தான் வேண்டாம், கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை விழும். பிளாஸ்ரிக் அழுத்துப் பொத்தான் நல்லது. வெல்க்ரோ பழகும் வயதுப் பிள்ளைக்குச் சரிவராது, தானே பிய்த்துக் கழற்றிவிடும்.

பழகும் பிள்ளைக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது இனித்தான் வருகிறது, கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. சில நாட்களில் ஐந்தரைக்கே மகன் எழும்பி "அம்மா, ஒண்டுக்கு" என்பான். அந்த நேரம் நப்பி சட்டென்று இறங்க வேண்டும். இருட்டில் நான் நான்கு பொத்தான்களைத் தடவிக் கழற்றுவதற்குள் அவனால் அடக்க முடியாமல் போனது, பிறகு அழுதான். அந்த அழுகை எனக்கு இன்றும் மனதில் நிற்கிறது. சொல்லிவிட்டும் நனைந்தால் அடுத்த முறை ஏன் சொல்லப்போகிறான்? ஆகவே பின்னிடுப்பில் மட்டுமல்ல, முன்னிடுப்பிலும் இலாஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள். பொத்தானைக் கழற்றாமலே காற்சட்டைபோல இழுத்து இறக்க முடிகிறதா என்று கட்டிப் பாருங்கள். அடுக்குகள் உறையிலுள்ள பைக்குள் செருகுவதாக இருக்கட்டும், சும்மா வைத்தது இறக்கும்போது தரையில் விழும். பயிற்சிக் காற்சட்டை என்று விற்பது இறக்க இலகுதான், ஆனால் அது ஒரு தரம் நனைவதற்கு மட்டும் காணும். இரவுக்குப் போதாது. என்னிடம் இருந்த பை நப்பிக்கு எங்கள் ஒழுங்கை முனைத் தையல்கார அக்கா முன்னிடுப்பில் இலாஸ்டிக் வைத்துத் தந்தார், அரைமணி நேர வேலை.

தோலில் படுவது நனைந்தது தெரியும் பருத்தியா, ஈரம் தெரியாத ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணியா? பகல் காற்சட்டைக்குப் பருத்தி. நனைந்தது தெரிந்தால்தான் பிள்ளை பழகும். இரவில் தூங்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் ஏறாது, புண்தான் வரும். மெல்லிய ஃப்ளீஸ் போதும், தடித்தது கொழும்பு வெக்கைக்கு வேர்க்குரு போடும். ஒரு எச்சரிக்கை: படுக்கப் போகுமுன் தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. ஃப்ளீஸில் எண்ணெய் ஏறினால் சிறுநீர் உள்ளே இறங்காமல் மேலால் ஓடும். தடவத்தான் வேண்டுமென்றால் பழைய நூல் சேலைத் துண்டொன்றை இடையில் வையுங்கள்.

கட்டும்போது தொடை இலாஸ்டிக் கவட்டு மடிப்பில் இருக்க வேண்டும், தொடையின் நடுவில் அல்ல. காலையில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் பரவாயில்லை, பள்ளமாகத் தெரிந்தால் இறுக்கம். உள்பெனியனின் நுனி நப்பிக்குள் சிக்கியிருந்தால் திரிபோல ஈரத்தை இழுத்துக் கழுத்துவரை நனைக்கும். எனக்கு ஒரு வாரம் பிடிபடாத ஒழுக்கு இதுதான். மேலே போடும் காற்சட்டையும் தளர்வாக இருக்கட்டும், இறுக்கமானது அடுக்கை அமுக்கும்.

படுக்குமுன் குடிக்கும் பாலை ஏழு மணிக்கு மாற்றினோம். தண்ணீரை மட்டும் மறுக்க மாட்டேன், இந்தச் சூட்டில் தாகத்தோடு பிள்ளையைப் படுக்கவைப்பது சரியில்லை.

காலையில் கழற்றியவுடனேயே குளிர் தண்ணீரில் அலசுங்கள். இரவு முழுக்கக் கிடந்த சிறுநீரில் யூரியாவைக் கிருமிகள் அமோனியாவாக்கும், கண் எரியும் மணம் அதுதான். பிறகு வழக்கமான சலவைத் தூள். துணி மென்மையாக்கும் திரவம் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், குளோரின் பி.யூ.எல்லைக் கெடுக்கும். வாளியில் நாட்கணக்கில் ஊறவிடாதீர்கள். பல்கனியில் மூடாத வாளித் தண்ணீர் கொழும்பில் டெங்கு நுளம்புக்கு இடம் கொடுப்பதாகும். யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டில் நின்றபோது அதே அடுக்குகள் விறைத்துப்போயின. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அங்கே தூளைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, கூடுதலாக ஒரு தரம் அலசினேன், சரியானது.

இரவுக்கு மட்டும் நான்கு உறை, அடுக்குகள் ஐந்து செட் போதும். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஹெம்ப் காய இரண்டு நாள் எடுக்கும், அதற்குத்தான் அந்த ஐந்தாவது.

மகனிடம் நாங்கள் நப்பி என்று சொல்வதில்லை, "இரவுக் காற்சட்டை" என்கிறோம். அவனே அலுமாரியிலிருந்து எடுத்து வருவான். தராசு இன்னும் குசினியில்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் நிறுக்கிறேன். தொடர்ந்து இரண்டு வாரம் காலையில் காய்ந்தபடி வந்தால் கழற்றிவிடுவேன், அதுவரை இல்லை. ஆறு மாதமாகக் காய்ந்து எழும்பிய பிள்ளை திடீரென்று திரும்ப நனைத்தாலோ, ஒண்டுக்குப் போகும்போது நோகிறது என்றாலோ, வழமைக்கு மாறாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ நப்பியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.