ரூகர் 10/22: எந்த மாடலை எடுப்பது?

ரூகர் நிறுவனத்தின் .22 ரைஃபிளான 10/22-ஐ வாங்குவது என்று முடிவான பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கும். 1964-ல் ஒரே ஒரு கார்பைனாக வந்த ரைஃபிள் இன்று கார்பைன், ஸ்போர்ட்டர், காம்பாக்ட், டேக்டவுன், டார்கெட், காம்பிடிஷன் என்று கிளைவிட்டு நிற்கிறது. கடைசி மாடலின் விலைக்கு முதல் மாடலில் இரண்டு எடுத்துவிட்டு மிச்சமும் பார்க்கலாம். அந்தக் காசு எங்கே போகிறது என்று புரிந்துவிட்டால் தேர்வு சுலபம்.

எல்லா மாடலுக்கும் உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றுதான். அலுமினிய ரிசீவர் (பாகங்களைத் தாங்கும் நடுக்கூடு), நேர் ப்ளோபேக் முறை, பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின். சுடும் நேரத்தில் போல்ட்டை (தோட்டாவின் பின்னால் மூடி நிற்கும் உலோகக் கட்டை) பூட்டிவைக்க எந்த ஏற்பாடும் கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே தாங்குகின்றன; தோட்டாவின் உந்துதல் போல்ட்டைப் பின்னே தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஆகவே மாடல்களுக்குள் வேறுபாடு பெரும்பாலும் மூன்றே இடங்களில்தான்: பேரல் (குழல்), ஸ்டாக் (தோளில் ஊன்றும் கட்டை), விசை (விரலால் இழுக்கும் ட்ரிக்கர்). இதில் விசையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை. ஸ்டாக்கை மாற்றலாம், ஆனால் பேரலின் பருமன் அதற்கு ஒத்துவர வேண்டும். அதனால் பேரலில் இருந்து யோசிக்கத் தொடங்குங்கள். விளம்பரப் படத்தில் முதலில் கண்ணை இழுப்பது ஸ்டாக்தான். அங்கிருந்து தொடங்குகிறவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் உரிமத்தில் செமி-ஆட்டோமேட்டிக் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும்) ரைஃபிளுக்கு இடம் இருக்கிறதா, மேகசின் அளவுக்கு வரம்பு உண்டா என்று பாருங்கள். பிரிட்டனில் 1988 சட்டம் சென்டர்ஃபயர் (தோட்டாவின் நடுவில் அடித்து வெடிக்கும்) செமி-ஆட்டோ ரைஃபிள்களைத் தடைசெய்தது, .22 ரிம்ஃபயரை விட்டுவைத்தது. நியூசிலாந்தில் 2019-க்குப் பிறகும் பத்துத் தோட்டா மேகசினோடு .22 ரிம்ஃபயர் செமி-ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் இது சி பிரிவு, எல்லோருக்கும் கிடைக்காது. கடையில் ரைஃபிளோடு பத்துக்கு மேல் பிடிக்கும் நீள மேகசினையும் காட்டுவார்கள். பல நாடுகளில் சிக்கல் அந்த மேகசினால்தான் வருகிறது. சட்டம் அனுமதித்தாலும், படுத்துச் சுடும்போதும் மேசையில் ஊன்றிச் சுடும்போதும் அந்த நீளம் கீழே இடிக்கும். ரிசீவரின் அடியோடு சமமாக உட்காரும் பத்துத் தோட்டா மேகசினில் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

இப்போது பேரல். கார்பைனில் 18.5 அங்குலம், மெல்லியது. காம்பாக்டிலும் காம்பிடிஷனிலும் 16.12 அங்குலம். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் அமெரிக்கச் சட்டம்: அங்கே ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நீளம் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்து நீண்ட பேரலை எடுக்காதீர்கள். 10/22 சுடும் .22 எல்ஆர் தோட்டாவில் இருக்கும் கொஞ்ச வெடிமருந்து ஏறக்குறைய 16 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும். நீள பேரலின் லாபம் வேறு: இரும்புக் குறிமுனைகளால் சுடுபவருக்கு முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கிடைக்கிறது, பிழை குறைகிறது. ஸ்கோப் போடுபவருக்கு அதுவும் தேவையில்லை.

பருமன்தான் பெரிய கேள்வி. டார்கெட் மாடலின் கனத்த பேரல் .920 அங்குல விட்டம், ரைஃபிளின் எடையோ 3.4 கிலோவை ஒட்டி. கார்பைன் 2.3 கிலோதான். கனத்த பேரல் சூடேறினாலும் மெதுவாகத்தான் விலகும், மணல்மூட்டையில் ஊன்றினால் அசையாமல் கிடக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அரைநாள் நடந்தால் தோள் சொல்லிவிடும். நின்றபடி சுடும்போது முன்பக்கம் தாழ்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கனத்த பேரல் சாதாரண கார்பைன் ஸ்டாக்கின் பள்ளத்தில் உட்காராது. இன்று கார்பைன், நாளை கனத்த பேரல் என்று திட்டம் இருந்தால் ஸ்டாக்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் டார்கெட் மாடலையே நேராக வாங்கியிருக்கலாம் என்று தெரியும்.

கார்பைனில் முன்பக்கம் ஒரு வளையம் பேரலையும் ஸ்டாக்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும். பார்க்க அழகு. ஆனால் அந்த வளையத்தின் இறுக்கம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். மழைக்காலத்தில் மர ஸ்டாக் கொஞ்சம் உப்பினாலே போதும். ஸ்போர்ட்டரில் வளையம் இல்லை. வால்நட் மரத்தில் செதுக்குப் பிடியோடு, வார் மாட்டும் கொக்கிகளோடு வருகிறது. அழகுக்கும் நடைக்கும் அதுவே நல்ல தேர்வு, ஸ்போர்ட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மரத்துக்குத்தான் என்று தெரிந்து எடுத்தால்.

டேக்டவுன் தனி ஜாதி. 2012-ல் வந்தது. இரண்டாகப் பிரித்து முதுகுப் பையில் வைக்கலாம். காலியா என்று உறுதிசெய்து, போல்ட்டைப் பின்னால் பூட்டி, முன்கட்டைக்கு அடியில் உள்ள நெம்பை அழுத்தி, பேரலைச் சற்றே திருகி இழுத்தால் கழன்றுவிடும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் குறி அதே இடத்தில் நிற்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. பதில் நீங்கள் எதை வைத்துக் குறிபார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 10/22-ன் இரும்புக் குறிகள் இரண்டுமே பேரலின் மேல் இருக்கின்றன, அதனால் எத்தனை முறை பிரித்தாலும் அவற்றின் உறவு மாறாது. ஸ்கோப் உட்கார்ந்திருப்பதோ ரிசீவரில். இணைப்பில் முடியளவு ஆட்டம் இருந்தாலும் ஸ்கோப் ஒரு பக்கம், பேரல் ஒரு பக்கம் பார்க்கும். இணைப்பின் இறுக்கத்தைச் சரிசெய்ய விரலால் திருகும் சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கிறது. முதல் நாளே அதைக் கைப்புத்தகத்தில் சொன்னபடி இறுக்கிவிட்டு, ரிசீவரை ஒரு கையிலும் பேரலை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் 'டக்' என்று உணர்ந்தால் இன்னும் தளர்வு. பலர் அந்த வளையத்தைத் தொடாமலே மாதக்கணக்கில் சுட்டுவிட்டு ரைஃபிளைக் குறை சொல்கிறார்கள். டேக்டவுனுக்கு இரண்டு துண்டு ஸ்டாக்தான் பொருந்தும், சந்தையில் உள்ள சாதாரண 10/22 ஸ்டாக் எதுவும் சேராது.

சிறுவர்களுக்கும் குட்டைக் கைக்காரர்களுக்கும் காம்பாக்ட். விசைக்கும் ஸ்டாக்கின் பின்தட்டுக்கும் இடையே கார்பைனில் 13.5 அங்குலம், காம்பாக்டில் 12.75. அளவு பார்க்கும் முறை எளிது. காலியான ரைஃபிளின் பின்தட்டை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கினால் ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையில் படிய வேண்டும். விரல் எட்டாமல் தோளை முன்னே இழுக்க நேர்ந்தால் ஸ்டாக் நீளம். அந்த முக்கால் அங்குலத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்; நீள ஸ்டாக்கில் பழகும் பிள்ளை இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்கக் கற்றுக்கொள்ளும், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

காம்பிடிஷன் மாடல் பந்தயத்துக்கே செய்தது. ரிசீவரோடு ஒரே துண்டாகக் கடைந்த ஸ்கோப் ரெயில் 30 எம்ஓஏ, அதாவது அரை பாகை, முன்சாய்வோடு இருக்கும். 150, 200 மீட்டர் என்று தூரக் குறி சுடுபவருக்கு அந்தச் சாய்வு வரம். ஐம்பது மீட்டரிலேயே நிற்பவருக்கு அதுவே தொல்லை: மலிவான ஸ்கோப்பில் மேல்-கீழ்த் திருப்பம் போதாமல், முழுக்கத் திருகியும் குறி அமையாமல் போகலாம். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ரிசீவரின் பின்சுவரில் உள்ள துளை. பெரும்பாலான மற்ற 10/22-களில் பின்சுவர் மூடியிருப்பதால் துப்புரவுக் கம்பியைப் பேரல் வாயிலிருந்துதான் நுழைக்க முடியும். கம்பி உரசி வாயின் விளிம்பு தேய்ந்தால் துல்லியம் போய்விடும். காம்பிடிஷனில் போல்ட்டை எடுத்துவிட்டு முறைப்படி பின்னாலிருந்தே சுத்தம் செய்யலாம். மற்ற மாடல் வைத்திருப்பவர்கள் கம்பிக்குப் பதில், பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் கயிற்றுத் துடைப்பானை வாங்கிக்கொள்ளுங்கள்.

விசைக்கு வருவோம். சாதாரண மாடல்களில் அழுத்தம் 2.5 கிலோவுக்குக் குறையாது, கொரகொரவென்றும் இருக்கும். ரூகரின் பிஎக்ஸ் விசை 1.25 கிலோ. பணம் ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் என்றால் இதற்கே கொடுங்கள், கனத்த பேரலுக்கு முன்னால். பேரல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விசையை இழுக்கும் பாட்டில் குறி நகர்ந்தால் என்ன பயன்?

மாற்றும்போது கைத்தடுமாறும் இடங்கள் சொல்கிறேன். மேகசினைக் கழற்றி, சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் அறை) விரல்விட்டுத் தடவிக் காலி என்று உறுதிசெய்யுங்கள். 10/22 கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட்டைத் திறந்து நிறுத்தாது, ஆகவே மூடியிருப்பதை வைத்து எதையும் ஊகிக்கக் கூடாது. மேகசின் குழிக்கு முன்னால் உள்ள ஒரே திருகாணியைக் கழற்றினால் ரிசீவர் ஸ்டாக்கிலிருந்து வர வேண்டும். வரவில்லையா? சேஃப்டி பொத்தான் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு மரத்தில் மாட்டியிருக்கும். அதைப் பாதி வழியில், இரு பக்கமும் சமமாக நிற்கும்படி தள்ளி வையுங்கள், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வளையம் உள்ள கார்பைனில் வளையத்தையும் முதலில் தளர்த்த வேண்டும். விசைப் பெட்டியைப் பிடித்திருப்பவை குறுக்கே போகும் இரண்டு ஆணிகள். விரலாலேயே தள்ளலாம். பின்பக்கம் இன்னொரு தடித்த ஆணி இருக்கிறது, போல்ட் வந்து மோதும் ஆணி. அதைப் பிடிக்க எதுவும் இல்லாததால் ரிசீவரைச் சாய்த்ததுமே தானாக விழுந்து உருண்டோடும். மேசையில் ஒரு துண்டு விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புதிய பெட்டியை மாட்டும் முன் சுத்தியலைப் பின்னால் மடக்கி நிறுத்துங்கள், இல்லையென்றால் போல்ட்டின் அடியில் இடித்து உட்காராது.

சிக்கல்களில் பாதிக்கு மேல் ரைஃபிளால் வருவதில்லை, தோட்டாவால் வருகிறது. போல்ட்டைத் தள்ளுவது தோட்டாவின் பலம் மட்டுமே என்பதால், ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டாக்களில் சில அதை முழுக்கப் பின்னே தள்ளாது. வெற்றுக் கூடு பாதி வெளியே வந்து நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். 40 கிரெய்ன் (2.6 கிராம்) குண்டு எடையில் நொடிக்கு 1,200 அடியைத் தாண்டும் ஹை-வெலாசிட்டி தோட்டாவில் அந்தக் கோளாறு நின்றுவிட்டால் ரைஃபிளில் குறையில்லை. நிற்கவில்லை என்றால் சேம்பரையும், கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நுனியையும் பாருங்கள். தோட்டாவின் மெழுகும் கரியும் சேர்ந்து களிம்பாக அடைந்திருக்கும். தோட்டா மேலே ஏறாமல் மூக்கு இடித்து நின்றால் மேகசினைச் சந்தேகிக்கலாம். மேகசின்களில் எண் எழுதி வைத்தால் குற்றவாளி எது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். சுத்தியல் அடித்தும் வெடிக்கவில்லையா, குழலை இலக்கை நோக்கியே முப்பது நொடி பிடித்திருந்துவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள்.

மாற்று பேரல் வாங்குபவர்கள் சேம்பர் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். காம்பிடிஷனில் உள்ள பென்ட்ஸ் சேம்பர் துல்லியத்துக்கும் தடையற்ற ஓட்டத்துக்கும் இடைப்பட்டது. அசல் மேட்ச் சேம்பர் இன்னும் இறுக்கம். குண்டின் மூக்கு வரிப்பள்ளத்தில் பதிந்து உட்காரும், சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது சிக்கிக்கொள்ளக்கூடும். செமி-ஆட்டோவுக்கு அது தேவையில்லாத தலைவலி.

ஸ்கோப் எடுக்கும்போது ரிம்ஃபயருக்கென்று செய்ததையே எடுங்கள். அவற்றின் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம்) பெரும்பாலும் 50 கஜத்துக்கு அமைத்திருக்கும். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்பில் அது 100 கஜமோ அதற்கு மேலோ இருக்கும். கண் சற்றே நகர்ந்தால் குறி நகர்ந்ததுபோலத் தெரியும். கார்பைன் ஸ்டாக்கின் கன்னம் படியும் மேடு இரும்புக் குறிக்கு ஏற்ற தாழ்வானது. ஸ்கோப் போட்டதும் முகவாய் அந்தரத்தில் தொங்கும். ஸ்கோப்பைப் பிடிக்கத் தாழ்ந்த வளையங்கள் போடுங்கள், அல்லது கட்டி மாட்டும் கன்னத் திண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரும்புக் குறியில் பழகவும் தோட்டத்தில் நடக்கவும் கார்பைன். பயணமும் சேமிப்பிடமும் முக்கியம் என்றால் டேக்டவுன். மூட்டையில் ஊன்றி அட்டைக்குறி சுடுவதே உங்கள் விருப்பம் என்றால் டார்கெட். பந்தயக் களத்தில் ஏறப் போகிறவருக்குக் காம்பிடிஷன். இன்னும் மனம் ஊசலாடினால் கார்பைனும் பிஎக்ஸ் விசையும். மிச்சப் பணத்துக்குத் தோட்டா.

எந்த மாடலாக இருந்தாலும் வாங்கிய முதல் வாரத்தில் இதைச் செய்யுங்கள். ஐந்து வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 மீட்டரில் ஊன்றிச் சுடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஐந்து குண்டு வீதம் ஐந்து அட்டை. வகை மாற்றும்போது முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; பேரலில் பழைய வகையின் மெழுகு போய்ப் புதியது படிய அவ்வளவு வேண்டும். ஒரே மாதிரி இரண்டு ரைஃபிள்கூட ஒரே தோட்டாவை விரும்பாது, விலை உயர்ந்ததைத்தான் விரும்பும் என்றும் இல்லை. நல்ல அட்டை தந்த பெட்டியின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துக்கொண்டு, அதே எண்ணில் கிடைக்கும் வரை வாங்கி வையுங்கள். இலக்கின் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். இந்தச் சிறு குண்டு ஒரு மைலுக்கு மேல் பறக்கும்.